மேலே ஆபீஸ், கீழே வீடு

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் போன் செய்தான். ‘அண்ணே, சனிக்கிழமை டீம் டின்னர். ஸ்மார்ட் கேஷுவல்ல வரணும்னு மெயில் போட்டிருக்காங்க. அப்படின்னா என்னண்ணே?’

எனக்கும் தெரியாது. ஆனால், பத்திரிகையில் எழுதுகிற ஆசாமி ‘தெரியாது’ என்று சொன்னால் ஊரில் மரியாதை போய்விடும். ‘ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன் தம்பி’ என்று வைத்துவிட்டு, ஆண்களுக்கான ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். விடை கிடைத்துவிட்டது. ஜீன்ஸ் போட்டு, மேலே அளவெடுத்துத் தைத்த கோட்டு. டை கூடாது. வார இறுதிக்கு ஏற்ற சாவகாசமான தோற்றம். பக்கத்திலேயே படம். ஒரு இளைஞன் சுவரில் சாய்ந்து, எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறான். இந்த மாதிரிப் படங்களில் யாருமே கேமராவைப் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்கு எப்போதும் ஃப்ரேமுக்கு வெளியே ஏதோ ஜோக் நடந்துகொண்டிருக்கிறது.

படத்துக்குக் கீழே பத்து விதிகள். படித்தேன். ஒன்பது சரி. பத்தாவதோடுதான் எனக்குத் தகராறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இந்த ஜோடியே கொஞ்சம் விபரீதமானது என்பதைச் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் பிறந்தது கூலி வேலைக்காக. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர். விறகு வெட்டுகிறவருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று வந்து கேட்டார்கள். பாக்கெட் ஓரங்களில் செப்புக் குமிழ் அடித்துக் கொடுத்தார். லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20-ம் தேதி அதற்குக் காப்புரிமை வாங்கினார். உங்கள் ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் இன்றைக்கும் இருக்கும் அந்தக் குமிழ், விறகுவெட்டியின் கை பாக்கெட்டைக் கிழிக்காமல் இருக்கத்தான்.

கோட்டு வேறு ஜாதி. அது ஆபீஸ், கோர்ட்டு, கல்யாணம், கவர்னர் மாளிகை. இரண்டும் ஒரே உடம்பில் சேருவதை உலகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 1951-ல் பாடகர் பிங் கிராஸ்பி ஜீன்ஸ் துணியில் உடுத்திக்கொண்டு கனடாவின் வான்கூவரில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். லீவைஸ் கம்பெனி உடனே அவருக்கு அதே துணியில் ஒரு விருந்துக் கோட்டு தைத்துக் கொடுத்தது. இவரை உள்ளே விடவும் என்று ஹோட்டல்காரர்களுக்கு ஓர் அறிவிப்பையும் கோட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தார்கள். ‘ஆள் யாரென்று தெரிந்த பிறகு’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அமெரிக்காக்காரனுக்கு இது புதுசாக இருக்கலாம். நமக்கு? உங்கள் தாத்தா அல்லது கொள்ளுத்தாத்தாவின் போட்டோ வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தலையில் முண்டாசு, மேலே கறுப்புக் கோட்டு, கீழே வேட்டி. வக்கீல், வாத்தியார், தாசில்தார் எல்லோருக்கும் அதுதான் யூனிஃபார்ம். பாரதியை நாம் மனசில் வைத்திருப்பதே அந்தக் கோலத்தில்தான். 1904-ல் சில மாதங்கள் அவர் வாத்தியாராக இருந்த மதுரைப் பள்ளிக்கூடத்துக்கு ராமநாதபுரம் சேதுபதிகளின் பெயர். அந்தக் காலத்து வாத்தியார்கள் மேலே ஆபீஸ், கீழே வீடு என்று பாதிப் பாதியாகப் பிரித்து உடுத்தினார்கள். வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டிய பாதி மேலே. வெயிலுக்கும் சம்மணம் போடுவதற்கும் தேவையான பாதி கீழே. ஜீன்ஸுக்கு மேல் கோட்டு என்பதும் அதே கணக்குதான். நூறு வருஷம் கழித்து ஃபேஷன் என்று திரும்பி வந்திருக்கிறது.

சரி, அந்த ஒன்பது விதிகள். ஒன்பதையும் ஒப்பிக்கப் போவதில்லை. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டெய்லரிடம் படத்தைக் காட்டினேன். அளவுச் சட்டையைப் பிடித்துப் பார்த்தே ஆளின் வயது சொல்லக்கூடியவர். காஜா எடுக்கும் பையனையும் கூப்பிட்டு இரண்டு பேருமாகப் பார்த்தார்கள்.

‘இது சூட்டுல உள்ள கோட்டு இல்ல சார். இதுக்குன்னே தச்சது’ என்றார்.

அதுதான் விஷயம். நம்மில் பலர் செய்கிற தப்பு இது. கல்யாணத்துக்கு எடுத்த சூட்டில் பேன்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டை மட்டும் ஜீன்ஸ் மேல் மாட்டிக்கொள்கிறோம். அது ஏன் ஒட்டுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகப் புரியாமல் இருந்தது. காரணம் துணியில் இருக்கிறது. ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. சாய்வாக நெய்வதால் மேலே நீலம் தெரியும், உள்ளே வெள்ளை. அந்த நீலச் சாயம் நூலுக்குள் முழுசாக இறங்காது, மேலாகத்தான் பிடிக்கும். அதனால்தான் முழங்காலிலும் பாக்கெட்டிலும் வெளுக்கிறது. அப்படிச் சொரசொரப்பும் ஏற்ற இறக்கமும் உள்ள துணிக்கு மேல், வழவழவென்று பளபளக்கிற சூட்டுக் கோட்டு உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கேவலப்படுத்தும். கோட்டுத் துணியிலும் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும். பருத்தி, லினன், கதர். நிறமும் ஜீன்ஸ் நிறமாக இருக்கக் கூடாது. நீலத்துக்கு மேல் கிட்டத்தட்ட நீலம் போட்டால், சூட்டு எடுக்கப் போய்த் துணி பத்தாமல் போன மாதிரி இருக்கும்.

டெய்லர் அடுத்துச் சொன்னது தோள். ‘மத்த எல்லாத்தையும் பிரிச்சு அடிச்சுரலாம். தோளு பெருசாப் போச்சுன்னா போச்சு.’ இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோள் மட்டும் கடையிலேயே சரியாக இருந்தாக வேண்டும். ரெடிமேட் வாங்குகிறவர்கள் இதை மட்டும் பார்த்தால் போதும். ஜீன்ஸ் கரு நீலம், கிழிசல் இல்லாதது, கணுக்காலில் கொசகொசவென்று மடிந்து நிற்காதது. பெல்ட்டுக்கும் ஷூவுக்கும் ஒரே நிறம். கோட்டின் பட்டனைப் போட வேண்டாம், திறந்தே விடுங்கள். போட்டாலும் அடிப் பட்டனைப் போடக் கூடாது. முடிந்தது.

இதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று. பத்திரிகையில் அது இல்லை. ஏனென்றால் அதை எழுதியவர் மே மாதம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்க மாட்டார். வெயிலும், கடல் காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்தால் கோட்டு ஒரு சொந்தச் செலவு சூனியம். உள்ளே பாலியெஸ்டர் லைனிங் வேறு. கேட்டால் தையல்காரர்கள் லைனிங் இல்லாமலும், பாதி முதுகுக்கு மட்டும் லைனிங் வைத்தும் தைத்துக் கொடுப்பார்கள். தோளில் திணிக்கும் பஞ்சையும் எடுத்துவிடச் சொல்லலாம். பிறகு அது கோட்டு மாதிரியும் இருக்கும், சட்டை மாதிரியும் இருக்கும். காதி துணியை இப்படிக் கொஞ்சம் நவீனமாக வெட்டித் தைக்கலாம் என்று 2021-ல் ஒருவர் தனியாக பிராண்டே ஆரம்பித்தார். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன். ஆரம்பித்தது சிகாகோவில். தறி பரமக்குடியில் இருக்க, கடை சிகாகோவில் திறக்கப்படுவது நம் நாட்டு வழக்கம்தான், விடுங்கள்.

கோட்டை நம் ஊருக்குத் தகுந்தபடி தளர்த்தியவர்களில் பெரிய ஆள் ராமேஸ்வரத்துக்காரர்தான். அப்துல் கலாம் 2002-ல் ஜனாதிபதி ஆனார். அந்தப் பதவிக்கென்று ஒரு பந்த்கலா உண்டு. கழுத்து வரை மூடிய கோட்டு. கலாமுக்கு மூச்சு முட்டியது. கழுத்தைத் திறந்து தைக்கச் சொன்னார். டெல்லித் தையல்காரர்கள் அதற்கு ‘கலாம் சூட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எத்தனையோ ஜனாதிபதிகள் மூச்சை அடக்கிக்கொண்டு போட்ட சட்டையை, பாம்பன் காற்றில் வளர்ந்தவர் ஒரே வெட்டில் சரி செய்தார். சாவகாசமான தோற்றத்துக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. கோட்டு கோட்டாகவே இருக்கிறது, மனுஷன் மூச்சு விடுகிறான்.

‘வார இறுதி’ என்கிறார்களே, அதுவும் ராமேஸ்வரத்தில் கொஞ்சம் தகராறுதான். அங்கே விசைப்படகுகள் வழக்கமாகக் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. சென்னையில் பையன்கள் சனிக்கிழமை கோட்டு மாட்டும்போது இங்கே ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய சாவகாசம் படகு கரை சேர்ந்து, மீனை ஏலம் விட்டு, குளித்த பிறகு. அப்போது பாருங்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பார்கள். கீழே மூட்டிய சாரம். மேலே தைத்தது, கீழே தளர்ந்தது. அதேதான். கீழக்கரைப் பக்கம் போனால் வெள்ளைச் சட்டைக்குக் கீழே கட்டம் போட்ட கைலி. இவர்கள் யாரும் கண்ணாடி முன்னால் நின்று ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று யோசித்ததில்லை.

இப்போது பத்தாவது விதி. மொத்தப் பக்கத்தின் சாரமே அதுதான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முயற்சி செய்தது வெளியே தெரியக் கூடாது. கண்ணில் பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி இருக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு?

கலாம் தன் ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1980 ஜூலையில் எஸ்.எல்.வி-3 வெற்றி. பிரதமர் இந்திரா காந்தியைப் பார்க்க டெல்லிக்கு வரச் சொல்கிறார் சதீஷ் தவான். கலாமுக்குச் சங்கடம். வழக்கம்போலச் சாதாரண உடையில் இருக்கிறார், காலில் செருப்பு. பிரதமர் முன்னால் எப்படிப் போவது? வெற்றியையே நீங்கள் உடுத்தியிருக்கும்போது வேறு உடை எதற்கு என்கிற அர்த்தத்தில் தவான் சொல்லித் தேற்றினார். அழகான பதில். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால், உடுத்திக்கொள்ள ராக்கெட் இல்லாதவன் என்ன செய்வான்? பிங் கிராஸ்பியை ஆள் தெரிந்ததும் உள்ளே விட்டார்கள். ஆள் தெரியாதவன் ரோட்டில்தான் நிற்க வேண்டும். அலட்சியமாக உடுத்துவது என்பது ஏற்கெனவே மரியாதை கிடைத்துவிட்டவனின் வசதி.

ராமநாதபுரத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1930 டிசம்பர். அன்றைய ராமநாதபுரம் மாவட்டம், அதாவது இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் சேர்ந்தது. அங்கே ஆதி திராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி கிராப் வெட்டக் கூடாது. செருப்பு கூடாது, குடை கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அடுத்த ஜூனில் எட்டு, பதினொன்று ஆயிற்று. அதே 1931 அக்டோபரில் அதே மாவட்டத்தில் கலாம் பிறந்தார். அவ்வளவு பக்கத்தில் நடந்த விஷயம் இது.

பனியனைக்கூட விடாத அந்தப் பட்டியலில் கோட்டைப் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். கோட்டு என்பது வெறும் துணி என்றால் அதைத் தடுக்க ஏன் இவ்வளவு பாடு? அம்பேத்கர் சிலைகள் எல்லா ஊரிலும் ஏன் கோட்டோடு நிற்கின்றன என்று கேட்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

ஜீன்ஸும் தப்பவில்லை. தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று 2012-ல் தமிழ்நாட்டின் மூத்த அரசியல் தலைவர் ஒருவர் மேடை போட்டுப் பேசினார். 1930-ல் கோட்டு. 2012-ல் ஜீன்ஸ். இரண்டையும் சேர்த்துப் போடுவது நம்மூரில் எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த ஆங்கிலப் பத்திரிகைக்குத் தெரியாது.

மற்றபடி நம்முடைய உடைச் சண்டைகள் தமாஷானவை. 2014 ஜூலையில் வேட்டி கட்டிப் போனதற்காக ஹைகோர்ட் நீதிபதியையே சென்னைக் கிளப் ஒன்றில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே வேட்டிக்காகச் சட்டசபையில் சட்டம் போட்டார்கள். 2016 ஜனவரி 1 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் ஆண்கள் வேட்டியோ பைஜாமாவோ, இல்லை ஒழுங்கான பேன்ட் சட்டையோ அணிந்து வர வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. ஜீன்ஸ் கூடாது, லுங்கியும் கூடாது. அந்த மாதமே அதற்குத் தடை வந்துவிட்டது. கிளப்பில் வேட்டி ஆகாது, கோயிலில் ஜீன்ஸ் ஆகாது. நடுவில் நிற்கிறவன் என்னதான் கட்டுவான்?

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், மே மாதம், ராமநாதபுரம் பக்கத்து கிராமம் ஒன்றில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். பெண்ணின் தம்பி ஜீன்ஸ் போட்டு, அதன் மேல் கறுப்புக் கோட்டு போட்டு நின்றான். பளபளவென்று சூட்டுக் கோட்டு. தோள் இரண்டு விரல் வெளியே தொங்கியது. கைப் பக்கம் தைத்திருந்த கம்பெனி லேபிளைப் பிரிக்கவே இல்லை. சட்டைக் காலர் வியர்வையில் தொப்பலாகிவிட்டது. மேலே சொன்ன ஒன்பது விதிகளில் எட்டு அவுட். நான் பக்கத்தில் இருந்த நண்பரிடம் குனிந்து ஏதோ சொன்னேன். சிரித்தோம். என்ன சொன்னேன் என்று எழுத இப்போது இஷ்டமில்லை.

சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்ததும் பையன் கோட்டைக் கழற்றிப் பிளாஸ்டிக் சேரில் மாட்டிவிட்டு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தச் சேருக்குப் பக்கத்தில் அவனுடைய தாத்தா. எண்பது தாண்டியவர். வெற்று உடம்பில் துண்டு. கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் லைனிங்கைத் தேய்த்தார்.

‘உள்ளுக்குள்ளயும் ஒரு துணி வச்சுத் தச்சிருக்கான் பாத்தீங்களா தம்பி’ என்றார் என்னிடம்.

‘ஆமாங்கய்யா.’

‘எங்கய்யா ஆயுசுக்கும் சட்டை போட்டதில்ல’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘காசு இல்லாம இல்ல’ என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைத் தட்டி, மடிப்புக் கலையாமல் திரும்பவும் சேரில் மாட்டினார். ஹட்டன் புத்தகத்தை நான் தேடிப் படித்தது அதற்கப்புறம்தான்.

பந்தி முடிந்து பையன் வந்தான். முகம் கழுவி, தலை சீவி, கோட்டை மாட்டிக்கொண்டான். தாத்தாவின் சேருக்குப் பின்னால் போய் நின்று தன் செல்போனை என்னிடம் நீட்டினான்.

‘அண்ணே, ஒரு போட்டோ எடுங்களேன். இந்த பட்டனைப் போடணுமா, விடணுமா?’

‘உன் இஷ்டம்ப்பா’ என்றேன்.

இரண்டு பட்டனையும் போட்டுக்கொண்டான். கேமராவை நேராகப் பார்த்தான். எடுத்தேன்.